வெளிக்குப் போகும் குடும்பம்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. உலை கொதித்தால் அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு வாருங்கள். மடியில் பிள்ளை கிடந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். போன கிழமை உங்களை அழவைத்துவிட்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இந்தக் கிழமை சிரிக்கிற கதைதான் சொல்லப்போகிறேன்.

ஸ்கந்தபுரத்து நிசாந்தினியை எங்கே விட்டோம்? மூத்தவள் யதுர்ஷிகாவுக்கு ஏழு வயது. போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துப் பார்த்தே கண் மங்கி, கிளிநொச்சிக் கண் கிளினிக்கில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி மட்டும் போதாது, பிள்ளை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் ஓடி விளையாடவேண்டும், தூரத்தைப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் வருஷத்துக்கு வருஷம் கண்ணாடி தடித்துக்கொண்டே போகும் என்று டொக்டரம்மா சொல்லிவிட்டார். மறு கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கே நிசாந்தினி சட்டம் போட்டாள். பின்னேரம் நாலரைக்கு நாலு பேரும் குளக்கட்டுக்குப் போவது. நாலு பேர் என்றால் அவள், புருசன் பிரதீபன், யதுர்ஷிகா, நாலு வயதுச் சாரங்கா. யானை இறங்குகிற நேரத்துக்கு முன்னம் ஆறு மணிக்குத் திரும்புவது. போன் எல்லாம் வீட்டில். தாய் மட்டும் இழுத்துக்கொண்டு போனால் அது மருந்து, தகப்பனும் வந்தால்தான் விளையாட்டு என்பது அவள் கணக்கு.

பன்னிரண்டு நாள் போயிற்று. பதின்மூன்றாம் நாள் நடந்ததைக் கேளுங்கள்.

மத்தியானம் வயலால் வந்த பிரதீபன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே தொடங்கினான்.

"விடிய அஞ்சு மணியிலயிருந்து வயலுக்க நிக்கிறன். மேல வானம், கீழ சேறு. இதுக்கு மேல எனக்கு என்ன வெளி வேணும், நிசா?"

"வயல்ல நீங்கள் தனிய நிக்கிறியள். பிள்ளையள் உங்களோட ஓடவேணும்."

"ஓடினனான்தானே. ஓடிப்பிடிச்சு விளையாடேக்க சறம் அவிண்டு விழுந்ததை ஊரே பாத்தது."

"களிசான் போடுங்கோ எண்டு சொன்னனான்."

அவன் மெல்லக் கையை வயிற்றில் வைத்தான். நிசாந்தினிக்கு விளங்கிவிட்டது. மூன்று நாளாக நாலு மணியானால் அந்த வயிறு மணிக்கூடு மாதிரி வேலை செய்தது. பின்வளவு மலசலகூடத்துக்குள் போனால் ஐந்தரைக்குத்தான் கதவு திறக்கும். அவளும் பாவம் என்று நினைத்து மூன்று நாளாக ஓமம் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் தகப்பன் வராத அந்த மூன்று நாளும் யதுர்ஷிகா குளக்கட்டில் ஓடவில்லை. சும்மா இருந்து புல்லைப் பிடுங்கினாள். அதுதான் நிசாந்தினியின் நெஞ்சில் கிடந்தது.

மூன்று மணிக்கு உடுப்புக் காயப்போடப் போனவளை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை கூப்பிட்டது. பக்கத்து வளவு மீனம்மா. மலைநாட்டிலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கேயே இருக்கிறவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள்.

"ஏ நிசா, இங்கிட்டு வா புள்ள. நான் ஒனக்கு அக்கா மாதிரி. கூச்சப்படாம கேளு. எங்க வூட்டு கக்கூசு சும்மாதான் கெடக்கு. நீங்க நாலு பேரும் எப்ப வேணும்னாலும் வாங்க."

"என்னக்கா கதைக்கிறியள்? எங்களிட்டயும் கிடக்குத்தானே."

"கெடக்குது புள்ள, கெடக்குது. அடைச்சுப் போயிருக்கும். எல்லா வூட்லயும் நடக்குறதுதான். ஆனா கொளத்துல ஊரே குளிக்குதில்ல? அதுக்குத்தான் சொல்றேன்."

"நாங்கள் குளத்தடிக்குக் காத்து வாங்கப் போறனாங்கள் அக்கா."

மீனம்மா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "அப்புடியே சொல்லிக்க. ஆனா நாலு பேரும் வரிசையா போகாதீங்க. பாக்க நல்லால்ல."

ஈரச் சட்டையைப் பிழிந்தபடி நிசாந்தினி அப்படியே நின்றாள். வெயில் மனிசியின் தலைக்குள் ஏறிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பிரதீபன் வயிற்றைப் பிடித்தபடி பின்வளவுக்குப் போனான். நாலேகாலுக்கு வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காக்கி உடுப்பு, கக்கத்தில் பைல். ஊர்ச் சுகாதாரம் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் பீ.எச்.ஐ. சுமன். வேலைக்கு வந்து இரண்டு மாதம், ஊரைத் திருத்தாமல் போவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள்.

"வாங்கோ ஐயா, கதிரையில இருங்கோ."

அவர் இருந்தார். பைலை விரித்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா, உங்கட வீட்டில மலசலகூடம் இருக்கோ?"

"ஓம் ஐயா. பின்வளவில கிடக்கு."

"பாவிக்கிறனீங்களோ?"

"பாவிக்காமல்? அதுக்குள்ள நெல்லோ கட்டி வைக்கிறது?"

"சிலபேர் விறகு அடுக்கி வைச்சிருக்கினம். நான் கண்டனான். சரி, பின்னேரத்தில எங்க போறனீங்கள்?"

"குளக்கட்டுக்கு."

"ஆர் ஆர்?"

"குடும்பமா ஐயா. நாலு பேரும்." நிசாந்தினி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். யாரோ நல்லதைக் கேள்விப்பட்டு மெச்ச வந்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் எழுதினார். "எத்தினை நாளா?"

"பன்னிரண்டு நாள். இண்டைக்குப் பதின்மூண்டு. ஒரு நாளும் விடேல்ல. இவர் மட்டும் மூண்டு நாளா வரேல்ல. வயிறு சரியில்லை."

"வயிறு சரியில்லாட்டி வராமல் விடுறவரோ?"

"அதோட எப்பிடி ஐயா வாறது?"

பீ.எச்.ஐ. ஒரு நிமிஷம் யோசித்தார். அது அவருக்குப் பிடிபடவில்லை. "எவ்வளவு நேரம் இருக்கிறனீங்கள்?"

"ஒண்டரை மணித்தியாலம்."

பேனை நின்றுவிட்டது. "ஒண்டரை மணித்தியாலமோ! அம்மா, உங்கட குடும்பத்துக்கு வேற ஏதோ வருத்தம் இருக்கு."

"வருத்தம் வராமல் இருக்கத்தானே ஐயா போறது. டொக்டர்தான் சொன்னவா."

"எந்த டொக்டர்? பேரைச் சொல்லுங்கோ. இண்டைக்கே மேலிடத்துக்கு எழுதுறன்."

"கண் டொக்டர்."

"கண் டொக்டரோ!"

"ஓம். இஞ்ச வேற ஒருத்தரும் இப்பிடிப் போறேல்லை ஐயா. நாங்கள்தான் தொடங்கினது. மெல்ல மெல்ல இந்த லேன் சனம் முழுக்கவும் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு எனக்கு ஆசை."

பீ.எச்.ஐ.க்கு வியர்த்தது. "ஒருக்காத் தண்ணி தாங்கோ அம்மா," என்றார். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, பைலுக்குள்ளிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அன்று காலை பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பார்க்கப் போனவர், தரம் இரண்டு வகுப்புச் சுவரில் இதைக் கண்டிருக்கிறார். அங்கேயே நின்று உரத்து வாசித்தும் இருக்கிறார்.

யதுர்ஷிகாவின் உருண்டை எழுத்து:

*எங்கள் வீட்டு நல்ல பழக்கம்.*
*நாங்கள் தினமும் பின்னேரம் குடும்பமாக வெளிக்குப் போவோம்.*
*குளக்கட்டில் மருதமரத்தின் கீழ் வரிசையாக இருப்போம்.*
*அப்பா முக்குவார். தங்கச்சி சிரிப்பாள்.*
*அம்மா போத்தலில் தண்ணீர் கொண்டுவருவா.*
*வெளிக்குப் போனால் கண்ணுக்கு நல்லது என்று டொக்டர் சொன்னார்.*
*நீங்களும் குடும்பமாக வெளிக்குப் போங்கள்.*

கீழே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். "மிக நன்று."

உங்களுக்கு இந்தச் சொல்லை விரித்துச் சொல்லத் தேவையில்லை, மக்களே. எங்கள் பக்கத்தில் ஒருவர் "வெளிக்குப் போட்டு வாறன்" என்று செம்பைத் தூக்கினால், காற்று வாங்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் யதுர்ஷிகா பிறக்க முதலே வளவுக்குள் மலசலகூடம் கட்டியாயிற்று. அவளுக்கு அது "பாத்ரூம்". பழைய சொல் அவள் காதில் விழுந்ததே இல்லை. அந்தக் கிழமை ரீச்சர் வகுப்பில் கடை, கடைக்கு, பள்ளி, பள்ளிக்கு என்று படிப்பித்திருக்கிறார். பிள்ளை வெளியையும் அதே வழியில் நடத்திக்கொண்டு போய்விட்டாள். முப்பது கொப்பி திருத்திய ரீச்சர் எழுத்துப்பிழையைத்தான் தேடினார், எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

நிசாந்தினிக்கு முதலில் காது சுட்டது. மீனம்மா காட்டிய இரக்கமும் இப்போதுதான் விளங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

"ஐயா, 'வெளியே போவோம்' எண்டு எழுதவேண்டியது ஐயா. பிள்ளை தெரியாமல் எழுதிப்போட்டாள். அப்பா முக்குறது குளக்கட்டில ஏறேக்க!"

சுமன் சிரிக்கவில்லை. "பிடிபட்ட பிறகு எல்லாரும் இப்பிடித்தான் ஒரு விளக்கம் சொல்லுவினம். நான் மலசலகூடத்தைப் பாக்கவேணும். பாத்தால் தெரியும், சனம் புழங்கிறதோ இல்லையோ எண்டு."

பின்வளவுக்கு நடந்தார்கள். பீ.எச்.ஐ. கதவை இழுத்தார். அசையவில்லை.

"பூட்டியெல்லோ கிடக்கு! நான் நினைச்சனான்."

கதவைத் தட்டினார். உள்ளிருந்து குரல் வந்தது.

"நிசா, நீர் பிள்ளையளோட நடவும். எனக்கு இன்னும் வயிறு சரிவரேல்ல."

அதற்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம். ஆயிரக்கணக்கான சனம் கூவுகிற சத்தம். யாரோ ஒருவன் இங்கிலிசில் கத்தினான்.

பீ.எச்.ஐ. கதவில் காதை வைத்தார். "அம்மா, உள்ளுக்க எத்தினை பேர்?"

"அப்பா மட்டும்தான்," என்றாள் சாரங்கா. அவள் எப்போதோ வந்து நடுவில் நின்றுவிட்டாள். "அப்பா மட்ச் பாக்கிறவர். ஒவ்வொரு நாளும் பாக்கிறவர். வாளியைக் கவிட்டுப்போட்டு அதில இருக்கிறவர். நான் ஓட்டையால பாத்தனான்."

சத்தம் சட்டென்று நின்றது. பிறகு தாழ்ப்பாள் மெல்ல விலகியது. ஒரு கையில் போனும் மறு கையில் தேத்தண்ணிக் கோப்பையுமாகப் பிரதீபன் நின்றான். பின்னால் கவிழ்த்த வாளி. வாளியின் மேல் நிசாந்தினி தைத்த பூப்போட்ட தலையணை.

"மூண்டு நாளா அவிச்ச என்ர ஓமத்தண்ணி," என்றாள் நிசாந்தினி.

பீ.எச்.ஐ. உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. சவர்க்காரம் இருந்தது. நிலம் பளிச்சென்று கிடந்தது. தன் தாளில் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்: "மலசலகூடம் பாவனையில் உள்ளது. அளவுக்கு மிஞ்சிய பாவனை."

புறப்படும்போது பிரதீபனைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, இவ்வளவு நேரம் உதுக்குள்ள இருக்கிறது மூலவருத்தத்தில கொண்டுபோய் விடும். பிள்ளையளோட வெளிக்கு… வெளியில… எங்கயெண்டாலும் போங்கோ."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. நிசாந்தினி கொப்பித் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். பிரதீபனுக்கு இருந்த வெட்கம் கோபமாய் மாறியது. பிடிபட்ட ஆம்பிளைக்கு வேறு என்னதான் வழி?

"அப்ப பள்ளிக்கூடத்தில உரத்து வாசிச்சதோ? சமைக்கிற ஆக்கள் எல்லாரும் கேட்டதோ? போச்சு! இனி அந்தக் குளக்கட்டுப் பக்கம் நான் தலைவைச்சும் படுக்கமாட்டன். நீரும் நிப்பாட்டும். இண்டையோட சரி."

"பிள்ளையின்ர கண்?"

"வளவுக்க ஓடட்டும்!"

யதுர்ஷிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். "நான் பிழையா எழுதினதாலயோ அம்மா? ரீச்சர் நட்சத்திரமெல்லோ போட்டவா," என்றாள். பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சீமெந்து நிலத்தில் வைத்தாள். தகப்பன் கதிரையில் போட்டுவிட்டுப் போன போனை எடுத்தாள். மூலைக்குள் போய் இருந்து, அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள்.

அவ்வளவுதான். நிசாந்தினி போய் போனை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள்.

"எழும்பு. செருப்பைப் போடு. தங்கச்சியின்ர கையைப் பிடி."

தண்ணீர்ப் போத்தலையும் மறக்கவில்லை.

குளத்துக்குப் போகவேண்டுமென்றால் யோகநாதனின் கடையைத் தாண்டவேண்டும். வாசலில் போட்டிருந்த வாங்கில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவளைக் கண்டதும் கதை நின்றது. யோகநாதன் தராசுக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, குடும்பமா வெளிக்கோ?"

வாங்கு முழுக்கச் சிரித்தது. யதுர்ஷிகாவின் கை அவள் கைக்குள் சுருங்கியது. இப்போது தலையைக் குனிந்தால் நாளைக்கு இந்த ரோட்டில் கால் வைக்கமுடியாது என்று நிசாந்தினிக்குத் தெரிந்தது. நின்றாள்.

"ஓம் அண்ணை, வெளிக்குத்தான். தண்ணியும் கொண்டுபோறன். மருதமரத்துக்குக் கீழ கனக்க இடம் கிடக்கு. உங்கட மூண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். வாங்கில இருக்கிற அண்ணைமாரும் வரலாம், வரிசையா இருப்பம்."

இப்போது சிரிப்பு யோகநாதன் பக்கம் திரும்பியது. கடைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரலும் வந்தது. "கூட்டிக்கொண்டு போங்கோவன்! விடிஞ்சா ரீவி, பொழுதுபட்டா ரீவி. அந்த மனிசி கேக்கிறதில என்ன பிழை?"

நிசாந்தினி நடந்தாள். யதுர்ஷிகாவின் கை மெல்ல விரிந்து அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

குளக்கட்டில் சோளகக்காற்று ஆளைத் தள்ளியது. சாரங்கா பாலைப்பழம் பொறுக்கித் தின்று, உதடு இரண்டும் பாலில் ஒட்டிப்போய் "ம்ம் ம்ம்" என்று கதைத்துக்கொண்டு திரிந்தாள். நிசாந்தினி கீழே இறங்கித் தண்ணீர்க் கரைக்கல்லில் மூத்தவளோடு இருந்தாள். இங்கே அவளுக்கு ஒரு வழக்கம். தூரத்தைக் காட்டி, என்ன தெரிகிறது என்று பிள்ளையைக் கேட்பாள். உங்களுக்கு மட்டும் சொல்லுகிறேன், அந்தப் பன்னிரண்டு நாளும் பிள்ளை சரியாகச் சொன்னதேயில்லை. தாய்க்கு ஒரு கொக்கு தெரிந்த இடத்தில் மகள் மூன்று என்றாள். நேற்று, தாய் மரக்குற்றி என்றதை மகள் முதலை என்றாள். பிள்ளையின் கண் மோசமாகிக்கொண்டு போகிறது என்று புருசனுக்கும் சொல்லாமல் அவள் தனியே விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க கட்டில வாறது என்ன, சொல்லு பாப்பம்?"

நிசாந்தினிக்கு வடிவாகத் தெரிந்தது. கறுப்பாய், அகலமாய், ஆடி ஆடி ஒரு எருமை.

"அப்பா," என்றாள் யதுர்ஷிகா.

"வடிவாப் பார் குஞ்சு. அது எருமை."

"இல்லையம்மா, அப்பாதான். கையைக் காட்டுறார். பின்னால மீனம்மா மாமி வாளியோட வாறா. கடைக்கார மாமாவின்ர பிள்ளையளும் வருதுகள், மூண்டு பேரும்."

ஐயோ, தகப்பன் வரவில்லை என்ற ஏக்கத்தில் பிள்ளை கனவு காண்கிறாளே என்று நிசாந்தினியின் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் சாரங்கா ஒட்டிய உதட்டைப் பிய்த்துக்கொண்டு "அப்பா!" என்று கத்தியபடி எருமையை நோக்கி ஓடினாள். எருமை அவளைத் தூக்கித் தோளில் வைத்தது. பிறகு கதைத்தது.

"நிசா, அவ்வளவு தூரத்திலயிருந்து கையைக் காட்டிக்கொண்டு வாறன், கல்லு மாதிரி இருக்கிறீர். இன்னும் கோவமோ? கடையடியில நீர் சொன்னதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கினம். நீர் தனிய நிண்டு மறுமொழி சொல்லியிருக்கிறீர். அதைக் கேட்ட பிறகு நான் வீட்டில இருக்கேலுமே?" களிசான் போட்டிருந்தான்.

"அம்மா உங்களை எருமை எண்டு சொன்னவா," என்றாள் யதுர்ஷிகா.

"கோவத்திலயோ?"

"இல்லையப்பா. உண்மையாத்தான்."

பிரதீபன் மனைவியைப் பார்த்தான். அக்கரையைக் காட்டினான். "அந்தப் பட்ட மரத்தில என்ன இருக்கு, சொல்லும் பாப்பம்?"

"கொப்பு."

"கொப்பில?"

"இலை."

"ரெண்டு மயில் அம்மா," என்றாள் யதுர்ஷிகா, மிகவும் பக்குவமாக.

மீனம்மா வாளியைக் கீழே வைத்து, "இந்தா புள்ள தண்ணி. சும்மா போயிட்டு வா, யாரும் பாக்கல," என்று மெதுவாகச் சொன்னாள்.

பிள்ளைக்குக் கண்ணாடிக்குள்ளால் எல்லாமே தெளிவாகத் தெரிந்திருக்கிறது! பன்னிரண்டு நாளும் தெரிந்திருக்கிறது! நிசாந்தினி மகளைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள்.

"கடவுளே," என்றான் பிரதீபன். "போன கிழமை கிளிநொச்சிக்கு ஸ்கூட்டி ஓடினது நீரெல்லோ? நான் பின்னால இருந்தனானே!"

அப்போதுதான் நிசாந்தினிக்கு நேற்றைய மரக்குற்றி நினைவுக்கு வந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்துதான் அவள் ஆறுதலாகக் கால் கழுவினாள். இரண்டு காலையும் மெல்லத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்துக் கல்லின் மேல் வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு எல்லாரும் கூட்டமாகத் திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை டொக்டரம்மாவின் கதிரையில் முதலில் யார் ஏறுவது என்று தாயும் மகளும் வழி நெடுகப் பிடுங்குப்பட்டார்கள். தனக்கு ஒன்றுமே இல்லை, வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான் என்று நிசாந்தினி சாதித்துக்கொண்டு வந்தாள். சாதித்தபடியே பக்கத்து வளவுப் படலையைத் திறக்கப் போனாள்.

என் செல்லங்களே, உங்கள் வளவில் பிள்ளைகளின் காலடி ஓயாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கண்கள் அத்தனையும், சின்னக் கண்ணும் பெரிய கண்ணும், தூரத்தில் வருகிற தங்கள் ஆளைத் தங்கள் ஆளாகவே காணட்டும். வெயிலும் காற்றும் உங்கள் பிள்ளைகளுக்கு மருந்தாகட்டும். குடும்பமாகப் போய்க் குடும்பமாகத் திரும்பி, நல்லாயிருங்கள்.